தண்ணீர் கொதிக்கும்போது எது உடைகிறது? சாயப்பட்டறை லேப்பில் நான் படித்த ஹைட்ரஜன் பிணைப்பு

பி.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு செய்முறைத் தேர்வு. வாய்மொழித் தேர்வு நடத்த வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தண்ணீர் கொதிக்கிறப்ப எந்தப் பிணைப்பு உடையுது?"

நான் யோசிக்கவே இல்லை. "ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவுல இருக்கிற பிணைப்புங்க சார்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அப்படின்னா வீட்டுல உலை கொதிக்கிறப்பெல்லாம் ஹைட்ரஜன் வாயுவும் ஆக்சிஜன் வாயுவும் வந்து அடுப்பங்கரையே வெடிச்சிருக்கணுமே தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவனைக் கூப்பிட்டார்.

ஹைட்ரஜன் பிணைப்பு பற்றிய பெரிய கேள்விக்கு அதற்கு முந்தைய பருவத் தேர்வில் நான் நிறைய மதிப்பெண் வாங்கியிருந்தேன். வரையறை, இரண்டு வகை, நான்கு எடுத்துக்காட்டு, படம் எல்லாம் எழுதியிருந்தேன். அன்று இரவு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீர் மூலக்கூறுகளின் படத்தில், புத்தகம் புள்ளிக்கோடாகக் காட்டியிருந்ததை நான் அவசரத்தில் நேர்கோடாகவே போட்டிருந்தேன். எல்லாக் கோடும் ஒரே மாதிரி. என் மண்டைக்குள் இருந்த குழப்பம் அப்படியே அந்தப் படத்தில் இருந்தது.

பெயர்தான் பலரைக் குழப்புகிறது என்று இப்போது தோன்றுகிறது. அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று வரிசையாகப் படித்து வருகிறோம். அடுத்து 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்று வந்தால், ஹைட்ரஜன் அணு தன் மூலக்கூறுக்குள் வைத்திருக்கும் பிணைப்பு என்றுதான் மனசு எடுத்துக்கொள்ளும். நீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து வைத்திருப்பது சகப்பிணைப்பு, அதாவது எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பு. அதை உடைக்க ஒரு மோலுக்கு ஏறக்குறைய 460 கிலோஜூல் வேண்டும். ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. அதற்கு 20 கிலோஜூல் பக்கம் போதும். உலை கொதிக்கும்போது விட்டுப்போவது இந்த இரண்டாவது வகை. நீராவியாகப் போனாலும் ஒவ்வொரு மூலக்கூறும் முழுசாகவே போகிறது.

இந்தக் கணக்கைப் பிறகு பல முறை படித்தேன். ஆனால் எனக்கு அது உறைத்தது புத்தகத்தில் இல்லை, திருப்பூரில், ஒரு கெட்டுப்போன சாயக் குடுவையில்.

படிப்பு முடித்ததும் ஒரு சாயப்பட்டறையில் லேப் உதவியாளராகச் சேர்ந்தேன். பனியன் துணிக்கு ஏற்றுமதி ஆர்டர் வந்தால், வாங்குபவர் அனுப்பும் நிறத்துக்கு ஏற்ப முதலில் சின்னத் துண்டுத் துணியில் சாயமிட்டுக் காட்ட வேண்டும். லேப் டிப் என்போம். 5 கிராம் துணி, 50 மில்லி சாய நீர், அளந்து விட்ட உப்பு, சலவைச் சோடா. நிறம் ஒத்துப்போனால்தான் மேலே பெரிய மெஷினில் நூற்றுக்கணக்கான கிலோ ஓடும்.

சேர்ந்த மூன்றாவது வாரம். காலையில் நிறைய டிப் போட வேண்டியிருந்தது. நேரம் மிச்சப்படுத்தலாம் என்று முந்தின நாள் மாலையே சிவப்புச் சாயம், உப்பு, சோடா மூன்றையும் ஒன்றாகக் கரைத்து வைத்துவிட்டுப் போய்விட்டேன். காலையில் அதிலேயே துணியைப் போட்டு 60 டிகிரியில் ஓட்டினேன். வெளியே எடுத்தபோது நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனால் சிவப்புதான். சரி, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்தது சோப்பிங், அதாவது கொதிக்கிற பதத்தில் சோப்புத் தண்ணீரில் அலசுவது. பத்து நிமிஷம்தான். சிவப்பு முழுக்க தண்ணீருக்குப் போய்விட்டது. கையில் இருந்தது வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு துண்டு.

எங்கள் டையிங் மாஸ்டர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். துணியைப் பார்த்தார், பீக்கரைப் பார்த்தார், எப்போது கலக்கினேன் என்று கேட்டார். சொன்னேன். "சாயம் ராத்திரியே தண்ணியப் புடிச்சுக்கிச்சு தம்பி. இனி அதுக்குத் துணி வேண்டாம்" என்றார்.

இதைவிடச் சரியாக அந்த வேதிவினையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பருத்தி என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் சங்கிலியாகக் கோத்தது. ஒவ்வோர் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஓ-ஹெச் கிளைகள், நீட்டிக்கொண்டிருக்கின்றன. ரியாக்டிவ் சாயம் என்று நாங்கள் சொல்வது இந்த ஹைட்ராக்சிலோடு வினைபுரிந்து சகப்பிணைப்பாகவே சேர்ந்துவிடும் சாயம். 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது முதல், பருத்திச் சாயத்தின் வழியே மாறிப்போனது. சோடா போட்டதும் கரைசலின் பி.ஹெச்., அதாவது அமில, காரத் தன்மையைக் காட்டும் எண், 11 பக்கம் ஏறும்; 7க்கு மேல் போனால் காரம். அந்தக் காரத்தில் செல்லுலோஸின் ஹைட்ராக்சில்களில் சில தம் ஹைட்ரஜனை இழக்கும். மிஞ்சி நிற்கும் ஆக்சிஜன்தான் சாயத்தைப் பற்றுகிறது.

ஆனால் ஹைட்ராக்சில் பருத்தியிடம் மட்டுமா இருக்கிறது? சுற்றியிருக்கும் தண்ணீரும் ஹைட்ராக்சிலோடுதான் நிற்கிறது. காரம் இருந்தால் அதுவும் சாயத்தோடு வினைபுரியும். இரவு முழுக்கத் துணி இல்லாமல் சோடாவோடு கிடந்த என் சாயம், கிடைத்த தண்ணீரோடு வினையை முடித்துக்கொண்டது. அதன் பிடிக்கும் முனை தீர்ந்துபோய்விட்டது. காலையில் போட்ட துணியில் அது ஏறியது உண்மைதான். ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பு, மூலக்கூறுகளுக்கிடையே உள்ள மற்ற மெல்லிய ஈர்ப்புகள் இவற்றின் பலத்தில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. கொதிக்கும் சோப்புத் தண்ணீர் வந்ததும் விட்டுவிட்டது. மிஞ்சியிருந்த அந்த வெளுத்த ரோஜா நிறம், தண்ணீரிடம் போகாமல் தப்பித்த கொஞ்சம் சாயம் செல்லுலோஸோடு சகப்பிணைப்பில் சேர்ந்தது. எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் அது போகவில்லை.

ஒரே துணி, ஒரே நிறம், இரண்டு விதப் பிடி. ஒன்று கொதிநீரில் விடுகிறது, மற்றது விடுவதில்லை. அந்தப் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு விடை என் கையிலேயே ஈரமாக இருந்தது. அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

இதிலிருந்து வீட்டுக்கு ஒரு விஷயம். புதுத் துணி சாயம் போனால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று பல வீடுகளில் சொல்வார்கள். பட்டறையிலும் நாங்கள் உப்பு போடுகிறோம், அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம்வரை. ஆனால் அந்த உப்பின் வேலை வேறு. தண்ணீரில் நனைந்த பருத்தி லேசான எதிர்மின் தன்மை பெறும். சாயமும் எதிர்மின் கொண்டது. இரண்டும் விலக்கிக்கொள்ளாமல் இருக்க உப்பு உதவுகிறது, அவ்வளவுதான். பிணைப்பை உண்டாக்குவது அதன் வேலை இல்லை. வீட்டில் உப்பில் ஊறவைத்தால் அந்த ஒரு முறை தண்ணீரில் சாயம் குறைவாக இறங்கும், அடுத்த முறை நல்ல தண்ணீரில் போட்டால் மறுபடி இறங்கும். துணியில் பிணையாமல் தங்கியிருக்கும் சாயத்தை வெளியேற்றுவதுதான் வழி. தனியாக, துணி தாங்கும் சூட்டில் இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். துணி விளிம்பில் இருக்கும் துவைப்புக் குறியைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

அந்த உப்புதான் கடைசியில் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றையும் கெடுத்தது. துணி உப்பை எடுத்துக்கொள்வதில்லை. போட்ட உப்பு முழுக்கக் கழிவுநீரில் வரும், தண்ணீரைப் பிடித்துக்கொண்ட சாயத்தோடு சேர்ந்து. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நானும் சில மாதம் வேலையில்லாமல் இருந்தேன். அப்போது ஆற்றங்கரையில் நின்று யோசித்ததுண்டு. பருத்தியின் ஹைட்ராக்சிலுக்கும் தண்ணீரின் ஹைட்ராக்சிலுக்கும் நடக்கும் போட்டியில் தண்ணீர் ஜெயிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாயம் எங்கோ ஒரு வயலுக்குத்தான் போயிருக்கிறது. லேப்பில் சாயத்தை அளவோடு போடுவதும், சோடாவைக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதும் செலவு விஷயம் மட்டும் இல்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

சரி, பிணைப்புக்கு வருகிறேன்.

லேப்பில் அடுத்த பல மாதங்கள் என்னைத் தொந்தரவு செய்த கேள்வி இது: ஹைட்ராக்சில் இருந்தால் தண்ணீரில் கரையும் என்று படித்தோமே, குளுக்கோஸுக்கு மூன்று வீதம் ஹைட்ராக்சில் வைத்திருக்கும் பருத்தி ஏன் கரையவில்லை? சர்க்கரையைப் பாருங்கள். ஒரு மூலக்கூறில் எட்டு ஹைட்ராக்சில். 100 மில்லி தண்ணீர் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துவிடும். பருத்தி வேட்டி மழையில் நனைந்தால் கரைந்துபோவதில்லை.

ஹைட்ராக்சில்களைக் கைகள் என்று வைத்துக்கொண்டால், விடை அந்தக் கைகள் ஏற்கெனவே யாரைப் பிடித்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. செல்லுலோஸ் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் நேராகப் படுத்திருக்கின்றன. ஒன்றின் ஹைட்ராக்சில் இன்னொன்றின் ஹைட்ராக்சிலை நீளம் முழுக்கப் பிடித்திருக்கிறது. சர்க்கரைப் படிகத்திலும் இந்தப் பிடி உண்டு, ஆனால் மூலக்கூறு சின்னது. தண்ணீர் ஒன்றை மட்டும் தனியே கழற்றி எடுத்துப் போக முடியும். செல்லுலோஸை அப்படிக் கழற்ற வேண்டுமானால் ஆயிரக்கணக்கான பிடிகள் ஒரே நேரத்தில் விட வேண்டும். தேர் வடத்தைப் பிடித்திருக்கும் கூட்டத்தில் இரண்டு பேர் கை விட்டால் வடம் கீழே விழுவதில்லை. கையை எடுத்தவர் மறுபடி பிடிப்பதற்குள் மற்றவர்கள் தாங்கிக்கொள்வார்கள். குளுக்கோஸ் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்பதும் ஒரு காரணம். ஹைட்ரஜன் பிணைப்பு மட்டுமே எல்லாம் என்று சொல்ல மாட்டேன்.

இதை லேப்பில் எடை போட்டே பார்க்கலாம். நூல் வியாபாரத்தில் ஈரப்பத அளவு என்று ஒன்று உண்டு. நன்றாக உலர்த்திய 100 கிலோ பருத்தி, சாதாரணக் காற்றில் வைத்தால் 8.5 கிலோ ஈரத்தை இழுத்து 108.5 கிலோவாக நிற்கும். பாலியெஸ்டர் 0.4 கிலோதான் இழுக்கும், ஏனென்றால் சங்கிலியின் இரண்டு முனைகளைத் தவிர அதில் ஹைட்ராக்சிலே இல்லை. விஸ்கோஸ்தான் என்னை யோசிக்க வைத்தது. அதுவும் அதே செல்லுலோஸ்தான், மரக்கூழைக் கரைத்து மறுபடி நூலாக இழுத்தது. அதே மூன்று ஹைட்ராக்சில். ஆனால் 11 முதல் 13 கிலோவரை ஈரம் பிடிக்கிறது. மறுபடி நூலாகும்போது சங்கிலிகள் பருத்தியைப் போல நேராக அடுக்கப்படுவதில்லை. ஒழுங்கற்ற இடங்கள் அதிகம். அங்கே சும்மா இருக்கும் கைகளும் அதிகம். தண்ணீருக்கு இடம் கிடைக்கிறது. அதனால்தான் விஸ்கோஸ் துணியை ஈரத்தில் முறுக்கிப் பிழியக் கூடாது. நனைந்தால் அதன் பலம் பாதியளவுக்கு இறங்கிவிடும். பருத்தி நனைந்தால் பலம் கொஞ்சம் கூடவே செய்கிறது.

பருத்தியின் கைகளை வேண்டுமென்றே விடுவிக்கும் வேலையும் உண்டு. அடர்த்தியான காஸ்டிக் சோடாவில் முக்குவதை மெர்சரைசிங் என்கிறோம். ஜான் மெர்சர் 1850இல் காப்புரிமை பெற்ற முறை. காரம் உள்ளே புகுந்து சங்கிலிகளை விலக்கி, இழை பருத்து, பிறகு வேறு அடுக்கில் உட்காருகிறது. அதன்பின் அதே துணி அதிகச் சாயம் குடிக்கும்.

இதெல்லாம் பட்டறைச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சட்டைக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவதும் இதேதான். சுருக்கம் விழுந்த இடத்தில் சங்கிலிகள் வளைந்த நிலையிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் இடையில் புகுந்து பிடியை விடுவிக்கிறது. பெட்டியின் அழுத்தம் நேராக்குகிறது. சூடு தண்ணீரை வெளியேற்றியதும் நேரான நிலையில் புதுப் பிடி விழுகிறது. அதனால்தான் காய்ந்த பருத்திச் சட்டையில் எவ்வளவு சூடு வைத்தாலும் மடிப்பு நிற்பதில்லை, கொஞ்சம் ஈரம் வேண்டும். வேட்டிக்குக் கஞ்சி போட்டால் விறைப்பதும் அப்படித்தான். கஞ்சியின் ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான், அதன் ஹைட்ராக்சில்கள் பருத்தியின் ஹைட்ராக்சில்களோடு கை கோக்கின்றன. அடுத்த துவைப்பில் தண்ணீர் வந்து அந்தக் கைகளைப் பிரித்துவிடுகிறது.

இருபது ஆண்டுக்கு மேல் இப்படிக் கையால் தொட்டே புரிந்துகொண்டதை, என் அக்கா மகள் பிளஸ் டூ வந்தபோதுதான் பாடமாகச் சொல்ல வேண்டி வந்தது. நீட் தேர்வுக்கும் தயாராகிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு வந்தாள்.

"மாமா, எலக்ட்ரான் கவர்தன்மை அதிகமா இருந்தா ஹைட்ரஜன் பிணைப்பு பலமா இருக்கும்னு போட்டிருக்கு. ஃபுளூரினுக்குத்தான் எல்லாத்தையும் விட அதிகம். அப்புறம் ஏன் ஹைட்ரஜன் ஃபுளூரைடு 19.5 டிகிரியிலயே கொதிக்குது? தண்ணி ஏன் 100 டிகிரி வரைக்கும் போகுது?"

மிக நல்ல கேள்வி. நான் கல்லூரியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "கையை எண்ணு கண்ணு" என்றேன்.

கை என்று நான் சொல்வது இரண்டு வகை. ஆக்சிஜன், நைட்ரஜன், ஃபுளூரின் இவற்றோடு பிணைந்த ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் ஒரு கொடுக்கும் கை. அந்த அணுக்களில் பிணைப்பில் சேராமல் இருக்கும் எலக்ட்ரான் இணை ஒவ்வொன்றும் ஒரு வாங்கும் கை. ஒரு ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒரு கொடுக்கும் கையும் ஒரு வாங்கும் கையும் வேண்டும். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் கொடுக்கும் கை ஒன்று, வாங்கும் கை மூன்று. அம்மோனியாவில் கொடுக்கும் கை மூன்று, வாங்கும் கை ஒன்று. இரண்டிலும் ஜோடி சேராமல் கைகள் வீணாகத் தொங்குகின்றன. நீரில் மட்டும்தான் இரண்டுக்கு இரண்டு. ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேரோடு கை கோக்க முடியும். தனித்தனியாகப் பார்த்தால் ஃபுளூரைடின் பிடிதான் பலம், ஆனால் எண்ணிக்கையில் நீர் ஜெயிக்கிறது. அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துப்போகிறது.

அவள் கொஞ்ச நேரம் நோட்டில் எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு அவளே மூன்று கார்பன் வரிசை ஒன்றை எடுத்தாள். புரப்பேன் மைனஸ் 42 டிகிரி. ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்த புரப்பனால் 97. இரண்டு சேர்ந்த புரப்பிலீன் கிளைகால் 188. மூன்று சேர்ந்த கிளிசரால் 290. ஒவ்வொரு ஹைட்ராக்சிலுக்கும் ஏறக்குறைய நூறு நூறாக ஏறுகிறது. இதில் ஒன்றைக் கவனிக்கச் சொன்னேன். நிறையும் கூடிக்கொண்டே வருகிறது, அதனாலும் கொதிநிலை ஏறும். நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் நிறை சமமான ஒன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும். கிளிசராலின் மூலக்கூறு நிறை 92. டொலுவீனுக்கும் 92தான். அது 111 டிகிரியில் கொதிக்கிறது. அந்த 179 டிகிரி வித்தியாசத்தில் பெரும்பங்கு ஹைட்ராக்சில்களுடையது. எத்தனாலும் டைமெத்தில் ஈதரும் இன்னும் சுத்தமான ஜோடி. இரண்டிலும் இருக்கும் அணுக்கள் ஒன்றே, நிறை 46. ஈதர் மைனஸ் 24இல் கொதிக்கிறது, எத்தனால் 78இல். ஆக்சிஜன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டுமே மாறியது.

மாணவர்கள் தடுமாறும் இன்னோர் இடம், கொதிநிலையையும் கரைதிறனையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்வது. கொதிநிலை என்றால் ஒரு பொருள் தன்னோடு தான் எப்படிக் கை கோக்கிறது என்று கேட்க வேண்டும். கரைதிறன் என்றால் தண்ணீரோடு எப்படி என்று கேட்க வேண்டும். அசிட்டோனை எடுத்துக்கொள்ளுங்கள். நிறை 58. அதில் கொடுக்கும் கை கிடையாது, வாங்கும் கை மட்டும் உண்டு. அதனால் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை. 56 டிகிரியில் கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய அதே நிறையுள்ள புரப்பனாலுக்கு 97 டிகிரி. ஆனால் அசிட்டோனைத் தண்ணீரில் போட்டால் எந்த விகிதத்திலும் கலந்துவிடும், ஏனென்றால் கொடுக்கும் கையைத் தண்ணீர் கொண்டுவருகிறது. அக்கா மகளின் பயிற்சித் தாளில் இப்படி ஒரு கேள்வி தவறாகியிருந்தது. இரண்டு கேள்வியையும் தனித்தனியே கேட்கப் பழகிய பிறகு அந்தத் தவறு வரவில்லை.

ஹைட்ராக்சில் இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் கார்பன் வால் நீண்டால் கதை மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனால் தண்ணீரோடு முழுதும் கலக்கும். நான்கு கார்பன் பியூட்டனால் 100 மில்லிக்கு 7, 8 கிராம்தான். ஆறு கார்பன் ஹெக்சனால் ஒரு கிராம்கூடக் கரையாது. கொழுப்பு போன்ற வாலை உள்ளே விட வேண்டுமானால் தண்ணீர் தன் பிடிகளை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கைக்காக அது அவ்வளவு தூரம் வராது.

பனிக்கட்டி மிதப்பதை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். "அடர்த்தி 0.917, அதனால மிதக்கும்." ஏன் என்று கேட்டால் நான்கு கைகளும் நீட்டி நின்றால் நடுவில் காலி இடம் விழும் என்று சொன்னாள். சரிதான். ஆனால் இது எவ்வளவு விசேஷமான விஷயம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்துக் காட்டினேன். உருகிய எண்ணெய் மேலே, உறைந்த கட்டி அடியில். பெரும்பாலான பொருள்கள் இப்படித்தான், திடமானால் மூழ்கும். தண்ணீர்தான் வேறு மாதிரி. ஒரு டம்ளரில் ஐஸ் போட்டுப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கை என்ற உவமைக்கு ஓர் எல்லை உண்டு. அதையும் அவளிடம் மறைக்கவில்லை. கை என்றால் பிடித்தால் பிடித்தபடி இருக்கும் என்று தோன்றும். திரவ நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு நிற்கும் நேரம், ஒரு விநாடியை லட்சம் கோடி பங்காகப் போட்டால் அதில் ஒன்றிரண்டு பங்குதான். விடுவதும் வேறொருவரைப் பிடிப்பதுமாக ஓயாமல் நடக்கிறது. திசையும் முக்கியம். கொடுக்கும் அணு, ஹைட்ரஜன், வாங்கும் அணு மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் பிடி நன்றாக விழும். நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் மூன்றுக்கு மட்டும்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்பதும் பள்ளிப் பாடத்துக்குப் போதுமான எல்லை, அவ்வளவே. 1920இல் அமெரிக்க வேதியியலாளர்கள் லாட்டிமரும் ரோட்புஷும் நீரைப் பற்றி எழுதியதிலிருந்து இந்தக் கருத்து நிறைய வளர்ந்திருக்கிறது. 2011இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் ஹைட்ரஜன் பிணைப்புக்குப் புதிய, விரிவான வரையறை தந்தது. அதற்கான குழுவுக்குத் தலைமை வகித்தவர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர் இ. அருணன். இதைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. எனக்கும் அதில் மகிழ்ச்சி உண்டு.

கடைசியாக நைட்ரோஃபீனாலின் ஆர்த்தோ, பாரா என்ற இரண்டு வடிவங்கள். கல்லூரியில் நீராவி வடிப்பைச் செய்துகாட்டியபோது, ஆர்த்தோ மட்டும் ஆவியோடு ஏறி வந்து குளிர்விப்பானில் மஞ்சள் படிகமாக ஒட்டியது. பாரா குடுவையிலேயே தங்கிவிட்டது. அன்று வெறும் மஞ்சளைத்தான் பார்த்தேன். ஆர்த்தோவில் ஹைட்ராக்சிலும் நைட்ரோ தொகுதியும் அடுத்தடுத்து இருப்பதால் அந்த மூலக்கூறு தன் கையைத் தானே பிடித்துக்கொள்கிறது. பக்கத்து மூலக்கூறுக்கு நீட்ட மிச்சம் இல்லை. அதனால் 45 டிகிரியில் உருகும், எளிதில் ஆவியாகும். பாராவில் இரண்டும் பென்சீன் வளையத்தின் எதிரெதிர் மூலையில் இருக்கின்றன. ஒன்றையொன்று எட்டாது, அதனால் பக்கத்து மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்கின்றன. உருகுநிலை 114 டிகிரி.

இதை முடித்துவிட்டு அந்த வெளுத்த ரோஜா நிறத் துண்டை எடுத்து அவளிடம் காட்டினேன், கதையையும் சொன்னேன். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போனாள். சாலிசிலிக் அமிலம் இருந்த பக்கத்தில் நின்றாள். அமிலத்தின் வலுவைக் காட்டும் பி.கே.ஏ. மதிப்பு (குறைந்தால் வலு அதிகம்) அதற்கு 2.97, ஹைட்ராக்சில் எதிர்மூலையில் இருக்கும் பாரா வடிவத்துக்கு 4.5 பக்கம், அதாவது சாலிசிலிக் அமிலம் முப்பது மடங்குக்கு மேல் வலுவானது. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஹைட்ரஜனை இழந்த பிறகு அந்த அமிலத் தொகுதியில் மிஞ்சும் ஆக்சிஜனையும், பக்கத்திலேயே நிற்கும் ஹைட்ராக்சிலையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிக்கோடு போட்டாள்.